கேளையாடு கத்திய ஞாயிறு

ரேங்முவால்,
11 ஜனவரி 1994

அன்புள்ள அண்ணன் தார்குங்காவுக்கு,

தம்பி சுவான்வோரா எல்லை ஆறான தியாவுக்கு இந்தக் கரையிலிருந்து கை நீட்டி வணக்கம் சொல்கிறேன். தேவகிருபையால் இங்கே எல்லோரும் சுகம். எனக்குக் கண்ணில் மட்டும் கொஞ்சம் புகை. உங்கள் முழங்கால் எப்படி? ஸைதாங்கி வேளைக்குச் சோறு போடுகிறாளா? நூல் வியாபாரி ஸாமி பர்மா பக்கம் வருகிறாள். தஹானில் உங்கள் வீட்டிலேயே இதைச் சேர்ப்பதாகச் சொன்னாள்.

நம் ஊர் பிரஸ்பிட்டேரியன் சபைக்கு இந்த வருஷம் எழுபத்தைந்து நிறைகிறது. நவம்பர் முதல் ஞாயிறு விழா. சபையின் சரித்திரத்தை எழுதும் வேலையை, சும்மா உட்கார்ந்திருக்கும் பழைய போதகன்தானே என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். முதல் இருபது வருஷத்தை முழுதாகக் கண்ணால் கண்டவர் இங்கே ஒருவரும் மிச்சமில்லை. உங்களுக்கு எழுத்துதான் தெரியாது, மறதியும் தெரியாது. நீங்கள் சொல்லச் சொல்ல ஸைதாங்கி எழுதட்டும்.

இன்னொன்று. சபைப் பதிவேட்டில் பெயர் வெட்டப்பட்டவர்களில் யார் மன்னிப்புக் கேட்டாலும் விழாவில் திரும்பச் சேர்த்துக்கொள்வது என்று மூப்பர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். ஆனால் பழைய சட்டம்தான், வெட்டப்பட்டவரே கேட்க வேண்டும். நீங்கள் ஒரு வரி கேட்டால் போதும், அண்ணே. உங்கள் பெயரை எழுதி, அங்குள்ள சபைக்கு நற்சான்றுக் கடிதமும் அனுப்பிவிடுவோம். ஐம்பத்தேழு வருஷமாகத் திருவிருந்தில் அப்பம் எடுக்காமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறீர்கள். போதாதா?

உங்கள் பதிலுக்கு வழி பார்க்கும்,
சுவான்வோரா

*

தஹான்,
20 பிப்ரவரி 1994

தம்பிக்கு,

அண்ணன் சொல்ல, மகள் ஸைதாங்கி எழுதுவது. கர்த்தர் என்னைக் கூப்பிட மறந்துபோயிருக்கிறார், அதனால் சுகம். முழங்கால் மழை வருவதற்கு முதல் நாளே மழை சொல்கிறது. உன் கண்ணுக்கு வைத்தியம் பார். புகை என்று சொல்லிச் சும்மா இருந்துவிடாதே.

முதல் கோயில் இப்போதைய மேட்டில் இல்லை. ஊர்த்தலைவர் தன் பன்றிகள் மேய்கிற சரிவில்தான் இடம் கொடுத்தார். மூங்கில் தட்டிச் சுவர், புல்கூரை, மரக்கால்மேல் நிற்கிற தரை. பன்றிகளுக்கு இடத்தை விட மனசில்லை, தரைக்கு அடியிலேயே குடியிருந்தன. மூப்பர் லியான்புங்கா ஜெபத்தை நீட்டினால் கீழே உறுமும். அவர் மனைவி தாரி சத்தமாகவே சொல்வாள்: "கீழ இருக்கிறவங்களே ஆமென் சொல்லிட்டாங்க. நீயும் முடிச்சுக்க."

மத்தளச் சண்டையையும் எழுது. சபையில் பக்தி எழுப்புதல் வந்த வருஷம், பாட்டுக்கு மத்தளம் வேண்டும் என்று இளசுகள் கேட்டோம். லியான்புங்கா குதித்தார். "கள்ளு குடிச்சுட்டு அடிச்ச மத்தளம்டா அது! அதைக் கோயிலுக்குள்ள கொண்டாறதா?" தாரி விடவில்லை. "கள்ளு குடிச்ச வாயை வச்சுத்தானே நீயும் பிரசங்கம் பண்ற? வாயைக் கொப்புளிச்ச மாதிரி மத்தளத்தையும் துடைச்சா போச்சு." அடுத்த ஞாயிறே மத்தளம் உள்ளே வந்தது. மூப்பர் பெயரைக் கல்லில் வெட்டினீர்களே, தாரி பெயரை எங்கேயாவது போட்டீர்களா?

ஸைதாங்கிக்குக் கை வலிக்கிறதாம். எல்லோருக்கும் என் விசாரிப்பைச் சொல்.

அண்ணன்

*

ரேங்முவால்,
25 மார்ச் 1994

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் கடிதத்தைக் குழுவில் படித்தேன். பன்றிகள் ஆமென் சொன்ன இடத்தில் இளம் மூப்பர் ரெம்லியானா நாற்காலியிலிருந்து விழாத குறை. தாரியின் பெயரைச் சேர்த்துவிட்டேன்.

நான் கேட்ட ஒன்றுக்கு மட்டும் பதில் இல்லை. உங்கள் பாதம் வீங்கியிருக்கிறது, நாலு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்குகிறது என்று ஸாமி சொன்னாள்.

கேட்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கலாம் என்று, அம்மை வருஷத்தைப் பற்றி நானே எழுதிவிட்டேன். ஸைதாங்கி படித்துக் காட்டட்டும்:

'1937இல் சுற்றூர்களில் பெரியம்மை பரவியதால் ரேங்முவாலின் வாசல் மரம் போட்டு அடைக்கப்பட்டது. அறுவடைவரை யாரும் உள்ளே வரவில்லை, ஊரெல்லை தாண்டி வெளியே போகவில்லை. அந்நாட்களில் ஒரு ஞாயிறு ஆராதனையின்போது, கண்ணியில் சிக்கிய கேளையாடு என்னும் காட்டுமான் ஒன்று வேதனையில் கத்தியது. அதன் துன்பம் பொறாத வாலிபர் தார்குங்கா, இரக்கத்தால் எழுந்துபோய் அதை விடுவித்தார். இரக்கத்தின் செயல் ஓய்வுநாளுக்கும் தகும் என்பதை அன்றைய மூப்பர்கள் கவனிக்கத் தவறினர்.'

சரி என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சுவான்வோரா

*

தஹான்,
17 ஏப்ரல் 1994

தம்பி,

பாதம் வீங்கியிருப்பது உண்மைதான். ஸைதாங்கி உப்பைக் குறைத்துவிட்டாள். கீரைக் குழம்பு பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரி இருக்கிறது. (இதை எழுத மாட்டேன் என்றாள். எழுத வைத்தேன்.) நீங்கள் எல்லோரும் சுகம் என்று கேட்டுச் சந்தோஷம்.

நீ எழுதினதைப் படிக்கக் கேட்டேன். அழகாக இருக்கிறது. நடந்தது அது இல்லை.

கண்ணியை முதல் நாள் நான்தான் வைத்தேன், கோயிலுக்குப் பின்னால் இருந்த சரிவில். மூன்றாவது பாட்டில் அது கத்த ஆரம்பித்தது. இரண்டு மாதமாக ஊருக்குள் மக்காச்சோளமும் பூசணியும்தான். கோயில் முழுக்க எச்சில் விழுங்குகிற சத்தம். லியான்புங்கா அதற்கும் மேலே குரலை உயர்த்தினார். நான் எழுந்தேன். உன் அண்ணி மிங்லியானி என் போர்வையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காரு. ஞாயித்துக்கெழம."

"தெரியும்."

"நாளைக்குப் போயேன்."

"நாளைக்கு வரைக்கும் சிறுத்தை விட்டு வைக்குமா?"

இதுதான் நாங்கள் பேசினது. இரக்கம் என்ற சொல் என் வாயிலும் வரவில்லை, மனசிலும் வரவில்லை. விடுவிக்கவும் இல்லை. கழுத்தில் ஒரே வெட்டு. தோளில் போட்டுக்கொண்டு, ஜனங்கள் கோயிலை விட்டு இறங்குகிற நேரம் பார்த்து அவர்கள் நடுவில் நடந்து வந்தேன். பின்பக்கமாக வந்திருக்கலாம். காட்ட வேண்டும் என்றுதான் வந்தேன்.

சாயங்காலம் விசாரித்தார்கள். லியான்புங்கா கேட்டார்: "இன்னிக்கு என்ன நாள்னு தெரிஞ்சே செஞ்சியா?"

"தெரிஞ்சேதான்."

"மன்னிப்புக் கேளுடா. ஆறு மாசத்துல முடிஞ்சுபோகும்."

"முதல்ல கறியைத் தின்னுட்டு வாங்க. அப்புறம் கேக்கறேன்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரித்ததனாலேயே என் பெயரை வெட்ட வேண்டியதாகிவிட்டது. கை தூக்கச் சொன்னார், தூக்கினார்கள். கறியை யாரும் ஒதுக்கவில்லை. ஊர்த்தலைவருக்குத் தொடை போனது, மூப்பர் வீட்டுக்கு முன்னங்கால். நீயும் தின்றாய், இரண்டாம் தரம் கேட்டு வாங்கித் தின்றாய். அதில் தப்பில்லை. காய்ச்சல் விட்டு எழுந்த உடம்பு.

அந்த இரக்கத்தை எடுத்துவிடு.

அண்ணன்

*

ரேங்முவால்,
9 ஜூலை 1994

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மழையில் பாதை சரிந்து ஸாமியும் வரவில்லை, எனக்கும் கண் சரியில்லை. இப்போது சுகம். உங்கள் மூச்சு எப்படியிருக்கிறது?

அண்ணே, நல்ல செய்தி. ஊர் வாசல் அடைத்திருந்தபோது நம்மிடம் நாட்காட்டி இல்லை என்பது உங்களுக்கு நினைவிருக்கும். திங்கள் தொடங்கிச் சாயங்காலம்தோறும் கோயில் சுவரில் ஒரு மூங்கில் குச்சி செருகி, ஆறு குச்சி நிறைந்த மறுநாள் காலை சேகண்டி அடித்து ஞாயிறு ஆசரித்தோம். வாசல் திறந்த அன்று மிஷன் ஊரிலிருந்து சுவிசேஷகர் வந்தார். நம் கணக்குக்கு அது சனி, உலகத்துக்கு ஞாயிறு. ஊரே காட்டுவயலில் இருந்தது, மூப்பர் லியான்புங்கா பன்றியை வாட்டிக்கொண்டிருந்தார். "போன வாரம் எப்பவோ ஒரு குச்சி விட்டுப்போயிருக்கும்" என்று அவர் முடிவு சொன்னார். அறியாமல் செய்த பாவம் என்று எல்லோரும் ஒரே ஜெபத்தில் மன்னிப்புக் கேட்டு முடித்தோம்.

இப்போது யோசித்துப் பார்க்கையில், அந்தக் குச்சி விடுபட்டது கடைசி வாரத்தில் அல்ல, கேளையாடு மாட்டியதற்கு முந்திய வாரத்தில் என்று திட்டமாகத் தெரிகிறது. ஆகவே நீங்கள் கோயிலிலிருந்து எழுந்துபோனது ஞாயிறே இல்லை, திங்கள். திங்கட்கிழமை கறிக்குப் போனவன்மேல் சபைக்கு என்ன வழக்கு? நீங்கள் மன்னிப்பே கேட்க வேண்டாம். வெட்டியதே செல்லாது என்று மூப்பர் கூட்டத்தில் வைக்கப்போகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவான்வோரா

*

தஹான்,
14 ஆகஸ்ட் 1994

தம்பி,

மூச்சு இருக்கிறது. உன் கண்ணுக்காக ஜெபிக்கிறோம்.

உன் கடிதத்தைப் படித்ததும் ஸைதாங்கி கைதட்டிவிட்டாள். "அப்பா, நீங்க தப்பே பண்ணல!" நான் அவளை உட்காரச் சொன்னேன்.

திங்களாகவே இருக்கட்டும். எனக்கு அன்று ஞாயிறு. ஞாயிறு என்று நினைத்துத்தான் கத்தியை எடுத்தேன். மற்றவர்கள் அறியாமல் ஓய்வுநாளில் வேலை செய்தார்கள், அவர்களுக்கு ஒரு ஜெபம் போதும். நான் வேலை நாளில் அறிந்து செய்தேன். நாளை மாற்றி என் மனசை மாற்ற முடியாது.

நீ எழுதாததையும் கேட்டேன். குச்சியை யார் செருகினது என்று அதில் இல்லை. மிஷன் பள்ளியிலிருந்து களையெடுப்புக்கு வந்து ஊருக்குள் மாட்டிக்கொண்ட பையன் நீ. படிக்கத் தெரிந்தவன் என்று உன் கையில்தான் அந்த வேலையைக் கொடுத்தார்கள். முந்தின வாரம் நீ ஒரு பகலும் ஒரு ராத்திரியும் காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தாய். அம்மையோ என்று பயந்து வெளியே சொல்லாமல், ஈரத்துணியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். குச்சியின் நினைவு எனக்கும் வரவில்லை. சுவிசேஷகர் வந்து நின்றபோது உன் முகத்தைப் பார்த்தேன். அப்போது தெரிந்தது. நான் பேசவில்லை, நீயும் பேசவில்லை. நான் பேசாத காரணத்தை மேலே சொல்லிவிட்டேன், எனக்கு அன்று ஞாயிறு. உன் காரணத்தை நான் கேட்கவில்லை.

ஆனால் உன் பாரம் இறங்குவதற்காக என்னைக் குற்றமில்லாதவன் ஆக்காதே.

என் பாரம் வேறு. மிங்லியானியின் பெயரை யாரும் வெட்டவில்லை. என்னோடு கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். அப்பத் தட்டு வரும்போது என் முகத்தைப் பார்ப்பாள், எடுக்காமல் அடுத்தவருக்குத் தள்ளிவிடுவாள். ஒவ்வொரு உலைக்கும் சபைக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பதை மட்டும் விடவில்லை. அதை வாங்கிக்கொண்டு போனார்கள். அவள் சாகிற வாரம் இங்குள்ள போதகர் வீட்டுக்கே அப்பம் கொண்டுவந்தார். "அவரும் எடுத்தா எடுக்கறேன்" என்றாள். ரேங்முவாலுக்கு ஆள் அனுப்பி மன்னிப்புக் கேட்க இனி நேரமில்லை என்று நான் சொன்னேன். நேரம் முப்பத்துநாலு வருஷம் இருந்தது. கறி தின்ற வாய்களிடம் போய்க் கேட்பதா என்று இருந்துவிட்டேன்.

இப்போது கேட்கப் போகிறேன். வர முடியாது. எழுதி அனுப்புகிறேன், விழாவில் நீ படி.

அண்ணன்

*

ரேங்முவால்,
3 செப்டம்பர் 1994

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். உங்கள் சுகமும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. கோயில் கூரைக்குப் புதுத் தகரம் வந்திருக்கிறது. ஆரஞ்சு நன்றாகப் பிஞ்சு பிடித்திருக்கிறது. என் கண் பரவாயில்லை.

உங்கள் கடிதம் கிடைத்தது. வேறு விசேஷம் இல்லை.

சுவான்வோரா

*

தஹான்,
18 செப்டம்பர் 1994

சித்தப்பாவுக்கு,

வணக்கம். இதை அப்பா சொல்லி எழுதவில்லை, அவருக்குத் தெரியவும் தெரியாது. அவர் தூங்குகிறார். இப்போதெல்லாம் உட்கார்ந்தபடிதான் தூங்குகிறார். இதயத்தில் நீர் கோத்திருக்கிறது, கிறிஸ்துமஸ் பார்த்தால் அதிகம் என்று டாக்டர் சொல்கிறார்.

உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். ஆரஞ்சுப் பிஞ்சு முடிந்ததும் "அப்புறம்?" என்றார். "அவ்வளவுதான்ப்பா" என்றேன். "தாளைத் திருப்பிப் பாரு" என்றார். பின்பக்கமும் பார்த்தேன்.

என் அம்மா ஏன் தட்டைத் தள்ளிவிட்டாள் என்பது எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது, அதுவும் என் கையாலேயே எழுதி. உங்களைத் திட்ட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். உங்களுக்கு அப்போது பதினைந்து வயசு என்று அப்பா சொன்னது ஞாபகம் வந்துவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸைதாங்கி

*

தஹான்,
8 அக்டோபர் 1994

தம்பி, இதை அப்படியே படி. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

'ரேங்முவால் சபையாருக்கு, தார்குங்கா வணக்கம் சொல்கிறேன். நீங்கள் எல்லோரும் சுகமாயிருக்க வேண்டும். அம்மை வருஷத்தில், ஞாயிறு என்று நம்பிய நாளில், ஆராதனையின் நடுவில் எழுந்துபோய்க் கேளையாட்டை வெட்டினேன். பசியால் போனேன். திரும்பி வந்தது பசியால் அல்ல, திமிரால். கேட்கச் சொன்னபோது கேலி பேசினேன். பிறகு கேட்க இருந்த காலமெல்லாம் கேட்கவில்லை. அதனால் என் மனைவி மிங்லியானி அப்பம் எடுக்காமல் இறந்தாள். என் பிழைகளில் பெரியது அதுதான். என்னை மன்னித்துச் சேர்த்துக்கொள்ளக் கேட்கிறேன்.'

தம்பி, இதற்குக் கீழே பாதித் தாளை வெறுமையாக விடச் சொன்னேன். ஸைதாங்கி "தாள் வீணாகுதேப்பா" என்றாள். அதில் எழுத வேண்டியவன் நான் இல்லை. எழுதாமல் விட்டாலும் நீ என் தம்பிதான்.

அண்ணன்

*

ரேங்முவால்,
21 நவம்பர் 1994

என் அண்ணனுக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? எனக்கு, வெகுநாளைக்குப் பிறகு, சுகம் என்று எழுதலாம் போலிருக்கிறது. முழுதாக இல்லை.

விழாவன்று படித்தேன். 'ஞாயிறு என்று நம்பிய' என்ற இடத்தை இரண்டு தரம் படித்தேன். எழுத்து முடிந்த பிறகும் நான் தாளை மடிக்கவில்லை. ரெம்லியானா, "அவ்வளவுதானே, போதகரே?" என்றான். "இன்னும் இருக்குப்பா" என்று சொல்லி, வெறும் தாளைப் பார்த்துக்கொண்டே படித்தேன்.

காய்ச்சல் விட்டுக் கண் திறந்தபோது எத்தனை சாயங்காலம் போயிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. யாரையாவது கேட்டிருக்கலாம். படித்த பையனுக்கு நாள் தெரியவில்லை என்று சிரிப்பார்களே, குச்சி வேலை கைமாறிவிடுமே என்று, அன்று சாயங்காலம் ஒன்றை மட்டும் செருகிவிட்டுப் பேசாமல் இருந்தேன். உங்கள் பெயரை வெட்டக் கை தூக்கச் சொன்னபோது, அன்று ஞாயிறுதானா என்ற சந்தேகம் ஊரில் எனக்கு ஒருவனுக்குத்தான் இருந்தது. நானும் கை தூக்கினேன், அண்ணே. இதைச் சொன்னேன். மிங்லியானி அண்ணியைப் பற்றியும் சொன்னேன்.

பிறகு ரெம்லியானா எழுந்தான். "பதினஞ்சு வயசுப் பையன், காய்ச்சல்ல கிடந்திருக்கான். இதுல என்னங்க பாவம்? விடுங்க போதகரே." நான் விடவில்லை. "காய்ச்சலுக்கு இல்லப்பா. அதுக்கப்புறம் முப்பத்தெட்டு வருஷம் போதகரா இருந்து, பொய் சொன்னான், குடிச்சான்னு எத்தனை பேர் பேரை வெட்டியிருக்கேன்? அப்பல்லாம் இதை உள்ள வச்சுக்கிட்டுத்தானே உக்காந்திருந்தேன்?" பின்னாலிருந்து ஒரு கிழவி, "என் புருசன் பேரையும் நீங்கதான் வெட்டினீங்க" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

உங்கள் பெயரை எழுதிக்கொண்டார்கள். என்னை ஆறு மாதம் நிறுத்தி வைத்தார்கள். அன்று திருவிருந்துத் தட்டு என்னைத் தாண்டிப் போனது. இப்போது கடைசி பெஞ்சில் உட்காருகிறேன். அந்தப் பெஞ்சுக்கு முதுகு சாய்க்கப் பலகை இல்லை என்பதே இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது.

சரித்திரப் புத்தகம் விழாவுக்கு முன்பே அச்சாகிவிட்டது. அம்மை வருஷம் அதில் இல்லை. அக்டோபரில் நானே அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டிருந்தேன். இதையும் சொல்லிவிடுகிறேன்.

அங்குள்ள சபைக்கு நற்சான்றுக் கடிதம் இத்துடன் இருக்கிறது. சீக்கிரம் கொடுங்கள்.

சுவான்வோரா

*

தஹான்,
12 டிசம்பர் 1994

தம்பிக்கு,

உன் கடிதமும் சபைக் கடிதமும் வந்து சேர்ந்தன. சபைக் கடிதத்தை ஸைதாங்கி ஒரு தரம் படித்தாள். உன்னுடையதை மூன்று தரம் படிக்கச் சொன்னேன். அந்தக் கிழவி யாரென்று எனக்குத் தெரிகிறது. அவள் வீட்டுக்கு ஒரு நடை போய் வா.

நேற்று இங்கே திருவிருந்து. என்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். தம்பிக்கு ஆறு மாதம் முடியட்டும், அதுவரை நானும் எடுக்க மாட்டேன், தட்டு வந்தால் தள்ளிவிடுவேன் என்று தீர்மானம் செய்துகொண்டுதான் போனேன். மிங்லியானி எனக்குச் செய்ததை நான் உனக்குச் செய்ய நினைத்தேன். ஸைதாங்கியிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

தட்டு வந்தது. கை போய்விட்டது. நகத்தளவு துண்டுதான். வாயில் கரைந்து முடிந்த பிறகுதான் உன் ஞாபகம் வந்தது. அவள் ஞாபகம் அதற்கும் பிறகு. ஸைதாங்கி பக்கத்தில் அழுதுகொண்டிருந்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

இதை உனக்குச் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று சொல்லி எழுத வைத்தேன். நீ மன்னிக்க வேண்டும்.

கடைசி பெஞ்சில் நடுவில் உட்காராதே. ஓரத்துக்குப் போ. சுவர் இருக்கும், சாய்ந்துகொள்ளலாம்.

அண்ணன்